செம்பாறை நாட்டில் இருவர்: மோட்டர்ஹோமா, கேம்பர் வேனா, காரும் மோட்டலுமா?

யூட்டா மாநிலத்தின் தென்பகுதியில் சயான், பிரைஸ் கேன்யன், கேபிடல் ரீஃப், கேன்யன்லேண்ட்ஸ், ஆர்ச்சஸ் என்று ஐந்து தேசியப் பூங்காக்கள் மேற்கிலிருந்து கிழக்காக வரிசையாக இருக்கின்றன. லாஸ் வேகஸில் வண்டி எடுத்து, ஐந்தையும் பார்த்து, மான்யுமென்ட் வேலி, அரிசோனாவின் பேஜ் ஊர் வழியாகத் திரும்பினால் சுற்றித் திரிவதெல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1,200 மைல் வரும். பத்துப் பன்னிரண்டு நாள் விடுப்பு இருக்கிற தம்பதிக்கு அமெரிக்காவில் இதற்கு இணையான சாலைப் பயணம் இல்லை என்பது என் எண்ணம். எங்கள் நண்பர்கள் வட்டத்தில் வசந்தம் நெருங்கும்போதெல்லாம் யாராவது ஒரு ஜோடி இதே கேள்வியோடு வருவார்கள்: பெரிய மோட்டர்ஹோம் எடுக்கலாமா, கேம்பர் வேன் போதுமா, பேசாமல் காரில் போய் மோட்டலில் தங்கிவிடலாமா?

இந்த மூன்றிலும் நானும் கணவரும் அந்தப் பக்கம் போய் வந்திருக்கிறோம். கேட்கிறவர்கள் பெரும்பாலும் வாடகையைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது வண்டியின் அகலத்தையும் உயரத்தையும் நீளத்தையும். எந்தச் சாலை உங்களுக்குத் திறந்திருக்கும், எந்தக் காட்சிமுனையில் நிறுத்தலாம், எந்தக் கேம்ப்கிரவுண்டில் இடம் கிடைக்கும் என்பதையெல்லாம் இந்த ஊரில் அந்த மூன்று அளவுகளே முடிவு செய்கின்றன.

வாடகைக்குக் கிடைக்கும் மோட்டர்ஹோம்களில் அதிகம் காணப்படுவது கிளாஸ் சி வகை. டிரக் முகப்பு, ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு படுக்கை, பின்னால் பெட்டி போன்ற வீடு. நீளம் 20 அடியில் தொடங்கி 30 அடி வரை போகும். எந்த நீளமானாலும் அகலம் பொதுவாக 8 அடிக்கு மேல், உயரம் 11, 12 அடி. உள்ளே கழிப்பறை, ஷவர், அடுப்பு, ஃபிரிட்ஜ், ஏசி, ஜெனரேட்டர் எல்லாம் உண்டு. கார் ஓட்டும் லைசென்ஸே போதும். கேம்பர் வேன் என்பது ராம் ப்ரோமாஸ்டர், ஃபோர்டு டிரான்சிட், மெர்சிடிஸ் ஸ்பிரின்டர் போன்ற சரக்கு வேனை உள்ளே மாற்றி அமைத்தது. பக்கக் கண்ணாடிகளை விட்டுவிட்டால் உடல் அகலம் 7 அடிக்குள், உயரம் 9, 10 அடி. சிலவற்றில் சின்னக் கழிப்பறையும் ஷவரும் இருக்கும். மலிவானவற்றில் படுக்கை, அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், அவ்வளவுதான்.

இனி சயானுக்கு வருவோம். சயானிலிருந்து பிரைஸ் போகும் நேர்வழியில் ஒரு சுரங்கப்பாதை இருக்கிறது. சயான்–மவுன்ட் கார்மல் சுரங்கம் என்று பெயர். 1.1 மைல் நீளம். 1930இல் திறந்தது, அன்றைய கார்களுக்காகக் குடைந்தது. மேற்கூரை வளைவாக இருப்பதால் உயரமான வண்டி நடுச்சாலையில்தான் போக முடியும். அதனால் பல ஆண்டுகளாக, எதிர்த் திசைப் போக்குவரத்தை ரேஞ்சர்கள் நிறுத்தி, 15 டாலர் வாங்கிக்கொண்டு பெரிய வண்டிகளை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2026 ஜூனிலிருந்து அந்த ஏற்பாடும் கிடையாது. இப்போதைய வரம்பு: உயரம் 11 அடி 4 அங்குலம், அகலம் 7 அடி 10 அங்குலம், நீளம் 35 அடி 9 அங்குலம், எடை 50,000 பவுண்டு. இவற்றில் ஒன்றைத் தாண்டினாலும் சுற்றுவழிதான்.

கவனியுங்கள், நீளத்துக்கான வரம்பு தாராளமானது. மாட்டிக்கொள்வது அகலத்தில். 20 அடி நீளமே உள்ள கிளாஸ் சி வண்டியும் 8 அடிக்கு மேல் அகலம் இருப்பதால் சுரங்கத்துக்குள் போகாது. "சின்னதாத்தான் எடுத்திருக்கோம், போயிடும்" என்று நம்பிக்கொண்டு வருகிறவர்கள் இனி நிறையப் பேர் இருப்பார்கள் என்று எனக்குக் கவலை. வாடகை நிறுவனத்தில் கேட்கும்போது பக்கக் கண்ணாடி, வெளியே மாட்டியிருக்கும் வெயில் மறைப்பு எல்லாம் சேர்த்த அகலத்தைக் கேளுங்கள். வேன் எடுத்தாலும் இதைக் கேட்டுவிடுவது நல்லது.

சுரங்கம் இல்லையென்றால் ஹரிக்கேன் ஊருக்குத் திரும்பி, அரிசோனா எல்லைக்குள் இறங்கி, ஃபிரடோனியா, கனாப் வழியாக மேலே ஏற வேண்டும். சுமார் 85 மைலாக இருக்க வேண்டிய பயணம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மைல் கூடுவதை நான் பெரிதாக நினைக்கவில்லை, கனாப் வழியும் அழகான வழிதான். இழப்பது சயானின் கிழக்குப் பக்கத்தை. பள்ளத்தாக்கிலிருந்து சாலை கொண்டையூசி வளைவுகளாக ஏறுகிறது, சட்டென்று பாறைக்குள் நுழைகிறது. உள்ளே இருட்டு. கொஞ்ச தூரத்துக்கு ஒரு முறை பக்கச் சுவரில் பெரிய ஜன்னல் வெட்டியிருக்கிறார்கள். குடைந்த காலத்தில் கற்குவியலை வெளியே தள்ளுவதற்காக வைத்த வாய்கள் அவை. அதன் வழியே எதிர்ப்பக்கத்துச் செங்குத்துச் சுவர் ஒரு கணம் தெரிந்து மறையும். மறுபக்கம் வெளியே வந்தால் பாறையின் முகமே மாறிவிடுகிறது: வெளிர் சிவப்பும் வெள்ளையுமாக அலையலையாகப் படுத்துக் கிடக்கும் மணற்கல். பதினெட்டுப் பத்தொன்பது கோடி ஆண்டுகளுக்கு முன் காற்று குவித்த மணல்மேடுகள் கல்லாகி, அந்தச் சாய்வு வரிகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. செக்கர்போர்டு மேசா என்ற குன்றில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கிழித்ததுபோல் தெரியும். மலையாடுகளும் பெரும்பாலும் இந்தப் பக்கத்தில்தான் கண்ணில் படும். சுரங்கம் முடிந்த இடத்திலேயே கேன்யன் ஓவர்லுக் என்ற நடைபாதை தொடங்குகிறது. போய்வர ஒரே மைல். முட்டி வலி இருக்கிறவர்களுக்கும் மெல்ல நடந்தால் எட்டும். சயானில் ஒரு நாள்தான் என்றால் நான் பள்ளத்தாக்கின் உள்ளே போவதைவிட இந்தக் கிழக்குப் பக்கத்தையே தேர்ந்தெடுப்பேன். இருவர் பயணத்துக்கு வேனையோ காரையோ நான் பரிந்துரைப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

சயான் பள்ளத்தாக்கின் உள்ளே எல்லா வண்டியும் ஒன்றுதான். மார்ச் முதல் நவம்பர் வரை பெரும்பாலும் ஷட்டில் பஸ்ஸில்தான் உள்ளே போக முடியும். இங்கே மோட்டர்ஹோமுக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும். பூங்காவின் வாட்ச்மன் கேம்ப்கிரவுண்டில் மின் இணைப்புள்ள இடம் கிடைத்துவிட்டால், வண்டியை அங்கே செருகி வைத்துவிட்டு ஷட்டில் நிறுத்தத்துக்கு நடந்தே போய்விடலாம். ஓரிடத்தில் நிறுத்திவிட்டு மூன்று நாள் அசையாமல் இருக்கும் பயணத்துக்கு மோட்டர்ஹோம் ஏற்றது. சிக்கல், இந்தச் சுற்றில் அப்படி அசையாமல் இருக்கிற ஊர்கள் குறைவு.

பிரைஸ் கேன்யனில் ஷட்டில் ஓடும் மாதங்களில், ஷட்டில் நேரத்தில், 23 அடியும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளை முக்கியக் காட்சிமுனைகளில் நிறுத்த விடமாட்டார்கள். கேபிடல் ரீஃபின் உட்சாலைக்கு 27 அடி வரம்பு. கேன்யன்லேண்ட்ஸின் வில்லோ ஃபிளாட் கேம்ப்கிரவுண்டில் மொத்தமே 12 இடம், 28 அடிக்குள் இருக்க வேண்டும். தெற்கே நேச்சுரல் பிரிட்ஜஸ் தேசிய நினைவிடத்தில் 13 இடம், 26 அடி. இப்படி ஊருக்கு ஒரு அளவுகோல். இந்த அளவுகளையெல்லாம் எழுதி வைத்துப் பார்த்தால், இருவருக்கு 30 அடி வண்டி எடுப்பதற்கு இந்த வட்டாரத்தில் ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

இதைவிடப் பெரிய விஷயம் தினசரி நடைமுறை. வாடகை மோட்டர்ஹோமுக்குப் பின்னால் பெரும்பாலும் கார் கட்டி இழுத்துக்கொண்டு போக முடியாது. எனவே காலையில் ஒரு சூரிய உதயம் பார்க்க வேண்டுமென்றாலும் வீடு முழுவதும் கிளம்ப வேண்டும். மின்கம்பியைப் பிடுங்கு, தண்ணீர்க் குழாயைக் கழற்று, பாத்திரங்களை அடைத்து வை, அலமாரிக் கதவுகளைப் பூட்டு. இல்லையென்றால் முதல் வளைவிலேயே எல்லாம் கீழே. திரும்பி வந்து மறுபடியும் எல்லாம். வேனில் படுக்கையை விட்டு எழுந்து ஓட்டுநர் இருக்கைக்கு நாலு அடி நடந்தால் கிளம்பிவிடலாம். வேனுக்கு நான் ஓட்டுப் போடுவதற்கு இரண்டாவது காரணம் இது.

கேன்யன்லேண்ட்ஸில் மேசா ஆர்ச் என்ற ஒரு சின்ன வளைவு இருக்கிறது. மேசாவின், அதாவது உச்சி தட்டையான மேட்டின், விளிம்பில் நிற்கிறது, அதன் கீழ் நேராகப் பள்ளம். சூரியன் எழும்போது வளைவின் அடிப்பக்கம் கங்கு மாதிரி சிவக்கும். பக்கத்து ஊரான மோவாபில் ஒரு மோட்டலிலிருந்து கிளம்பினால் இருட்டில் முக்கால் மணி நேரம் ஓட்ட வேண்டும். வில்லோ ஃபிளாட்டில் வேன் நிறுத்தித் தூங்கினால் சில நிமிடம். கார்–மோட்டல் பயணம் சறுக்குவது இங்கேதான்: காலையிலும் இரவிலும். இந்த ஐந்து பூங்காக்களும் இருண்ட வானத்துக்காகச் சான்று பெற்றவை. உலகில் முதன்முதலாக அந்தச் சான்று கிடைத்ததும் இதே வட்டாரத்து நேச்சுரல் பிரிட்ஜஸுக்குத்தான், 2007இல். பால்வீதியை அடிவானத்திலிருந்து அடிவானம் வரை பார்த்துவிட்டு, அப்படியே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் வசதி மோட்டலில் கிடைக்காது.

சமையல் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நம்மவர்கள் முடிவெடுப்பதில் இதற்குப் பெரிய பங்கு இருக்கிறது. எஸ்கலாண்டே, டோரி, ஹாங்க்ஸ்வில் போன்ற ஊர்களில் உணவகங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. சைவம் என்றால் பொரித்த உருளைக்கிழங்கும் சாலடும் சலிக்கும்வரை சாப்பிடலாம். கிளாஸ் சி வண்டியில் மூன்று பர்னர் அடுப்பும், உறைபெட்டியோடு கூடிய ஃபிரிட்ஜும் இருக்கும். சாம்பார், குழம்பு, சப்பாத்தி என்று வீட்டிலிருந்தே உறைய வைத்து எடுத்துப் போனால் ஒரு வாரத்துக்குக் கவலையில்லை. வேனில் ஒன்று அல்லது இரண்டு பர்னர், சின்ன ஃபிரிட்ஜ். மாவு ஒரு டப்பா, தயிர், காய்கறி, இரண்டு நாளைக்கு ஒரு முறை கடை. சமாளிக்கலாம். காரில் போனால் ஐஸ் பெட்டியும் மோட்டலின் மைக்ரோவேவும்தான்.

வண்டி எதுவானாலும் பிரஷர் குக்கரை மறக்காதீர்கள். பிரைஸின் விளிம்பு 8,000 அடிக்கு மேல் இருக்கிறது. அந்த உயரத்தில் தண்ணீர் 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு மணிக்கணக்கில் கொதித்தும் விதையாகவே நிற்கும், சாதமும் நடுவில் அரிசியாக இருக்கும். மூன்று லிட்டர் குக்கர் போதும், ஒன்றிரண்டு விசில் கூடுதலாக விடுங்கள். இன்னொன்று, தாளிப்பு. மோட்டர்ஹோமிலும் வேனிலும் அடுப்புக்கு மிக அருகில் புகை அலாரம் இருக்கிறது. கடுகும் மிளகாய் வற்றலும் எண்ணெயில் விழுந்த மறுநொடி அது அலறும், பக்கத்து இடங்களில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். படுக்கையும் அதே அறையில் இருப்பதால் பெருங்காய வாசனை போர்வையோடு பயணம் முழுக்க வரும். ஒவ்வொரு கேம்ப் இடத்திலும் ஒரு மர மேசை போட்டிருப்பார்கள். பியூட்டேன் குப்பி மாட்டும் ஒற்றை அடுப்பு ஒன்றை வாங்கி, தாளிப்பதை எல்லாம் அந்த மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். சிவந்த பாறைச் சுவருக்குக் கீழே, மாலை வெளிச்சத்தில், ரசம் தாளித்துச் சுடச்சுடச் சாப்பிடும் சுகத்துக்கு வண்டியின் உள்ளே எவ்வளவு பெரிய சமையலறை இருந்தாலும் ஈடாகாது. நாங்கள் கிளாஸ் சி எடுத்தபோதும் அந்த மூன்று பர்னரை அதிகம் தொடவில்லை.

கழிப்பறைதான் மோட்டர்ஹோம் வெல்லும் இடம், அதை மறைக்க வேண்டியதில்லை. பூங்காக்களின் உள்ளே கேம்ப்கிரவுண்டுகளில் கழிப்பறை உண்டு, குளிக்க வசதி பெரும்பாலும் இல்லை. ஆர்ச்சஸின் டெவில்ஸ் கார்டனிலும் கேபிடல் ரீஃபின் ஃபுரூட்டாவிலும் ஷவர் கிடையாது. வில்லோ ஃபிளாட்டில் தண்ணீரே இல்லை, குழிக் கழிப்பறைதான். பிரைஸில் மே மாதத்திலும் இரவு உறைநிலைக்குப் போகும். விடியற்காலை மூன்று மணிக்கு, ஜாக்கெட் மாட்டி, டார்ச் எடுத்து, நடந்து போய்வருவது பலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, பயணத்தையே கசக்கச் செய்துவிடும். எனவே வேன் எடுக்கும்போது உள்ளே கழிப்பறை இருக்கிறதா என்பதை வாடகையைவிட முதலில் பாருங்கள். கேசட் கழிப்பறை என்றால் சூட்கேஸ் மாதிரி வெளியே இழுத்து, கொட்டிக் கழுவிவிடலாம். ஷவர் இல்லாத வேன் என்றால் மூன்று நாளைக்கு ஒரு இரவு தனியார் கேம்ப்கிரவுண்டில் தங்கி, வெந்நீரில் குளித்து, துணி துவைத்துக்கொண்டு கிளம்புவதுதான் எங்களுக்குச் சரிப்பட்டது.

மோட்டர்ஹோமில் அந்த வசதிக்கு விலையும் இருக்கிறது. கழிவறைத் தொட்டி ஒன்று, குளியல்–பாத்திரம் கழுவிய நீருக்கு ஒன்று என்று இரண்டு தொட்டிகள். கழிவைக் கொட்டுவதற்கான டம்ப் ஸ்டேஷனில் கையுறை மாட்டி, தடித்த குழாயைத் திருகிப் பொருத்தி, முதலில் கழிவறைத் தொட்டியைத் திறக்க வேண்டும். அது முழுக்க வடிந்த பிறகு மற்றதைத் திறந்தால் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். வரிசை மாறக்கூடாது. முதல் தடவை அருவருப்பாக இருக்கும். கணவர் குழாயைப் பிடிக்க, நான் வால்வை இழுக்க, இரண்டாம் தடவையில் பழகிவிட்டது.

வெயில், குளிர் இரண்டையும் ஒரே பயணத்தில் சந்திக்க வேண்டியிருப்பது இந்த வட்டாரத்தின் குணம். மோவாபும் சயான் பள்ளத்தாக்கும் 4,000 அடி உயரத்தில் இருக்கின்றன. ஜூலையில் பகல் 38 டிகிரி செல்சியஸ் சாதாரணம். அதே வாரம் பிரைஸில் இரவுக்குக் கம்பளி வேண்டும். கிளாஸ் சி வண்டியில் ஏசி உண்டு, ஆனால் மின் இணைப்பில்லாத இடத்தில் ஜெனரேட்டர் ஓட்டினால்தான் அது வேலை செய்யும். ஜெனரேட்டருக்குப் பூங்காக்களில் நேரக் கட்டுப்பாடு உண்டு, இரவில் கூடவே கூடாது. பூங்காக்களின் உள்ளே மின் இணைப்பு அரிது: பிரைஸ், கேபிடல் ரீஃப், ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் எதன் கேம்ப்கிரவுண்டிலும் கிடையாது. ஆகவே ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் முடியப் போகிறவர்கள் வேனோ மோட்டர்ஹோமோ எடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். பகல் முழுக்கக் காய்ந்த உலோகப் பெட்டி இரவு பத்து மணிக்கும் ஆறாது. அந்த மாதங்களுக்குக் காரும், நல்ல ஏசி உள்ள மோட்டலும்தான். டிசம்பர் முதல் பிப்ரவரி வரையும் அப்படியே: தண்ணீர்க் குழாய்கள் உறைந்துவிடும் என்று பல நிறுவனங்கள் தொட்டிகளைக் காலி செய்துதான் தருகின்றன, அப்போது மோட்டர்ஹோமின் ஷவரும் கழிப்பறையும் பெயருக்குத்தான்.

ஓட்டுவது பற்றி. பிரைஸிலிருந்து கேபிடல் ரீஃபுக்குப் போகும் 12ஆம் எண் சாலையை எப்படியும் தவறவிடக்கூடாது. எஸ்கலாண்டே தாண்டியதும் ஹாக்பேக் என்ற இடத்தில் சாலை ஒரு குறுகிய பாறை முதுகின் மேல் போகிறது, இரண்டு பக்கமும் சரிவு, தடுப்புச் சுவர் இல்லை. பிறகு போல்டர் மலையில் 9,600 அடி வரை ஏறுகிறது. மோட்டர்ஹோம்கள் தாராளமாகப் போய்வருகின்றன, பயமுறுத்தவில்லை. ஆனால் ஓட்டுகிறவருக்குக் காட்சி கிடையாது, கண் சாலையை விட்டு நகராது. ஹாங்க்ஸ்வில் பக்கத்துத் திறந்த வெளியில் பக்கக் காற்று அடிக்கும்போது உயரமான பெட்டி ஆடுவது இன்னொன்று. எங்கள் வீட்டில் வேனையும் காரையும் இருவரும் மாறி மாறி ஓட்டுவோம். கிளாஸ் சி எடுத்தபோது 12ஆம் எண் சாலையில் "நீங்களே ஓட்டுங்க" என்று அவரிடம் கொடுத்துவிட்டேன், அவர் ஒரு பாறையையும் பார்க்கவில்லை. இருவரும் பார்க்கத்தானே போகிறோம்?

பணக் கணக்கு இப்படி. கிளாஸ் சி ஒரு காலனுக்கு 8 முதல் 10 மைல்தான் ஓடும். வேன் 16 மைல் அளவில், கார் 30 மைல் அளவில். 1,200 மைலுக்கு, காலன் 3.50 டாலர் என்று வைத்தால், எரிபொருள் மட்டும் கிளாஸ் சிக்கு ஏறக்குறைய 465 டாலர், வேனுக்கு 260, காருக்கு 140. மோட்டர்ஹோம் வாடகையில் மைலுக்கு இவ்வளவு, ஜெனரேட்டர் மணிக்கு இவ்வளவு, போர்வை–பாத்திரத்துக்கு இவ்வளவு என்று தனித்தனியாக ஏறும். விளம்பரத்தில் காட்டும் நாள் வாடகையை நம்பி ஒப்பிடாதீர்கள், மொத்த மைலைப் போட்டுக் கேளுங்கள். மறுபுறம், பூங்காவின் உள்ளே கேம்ப் இடம் பெரும்பாலும் 50 டாலருக்குள் கிடைக்கும். ஏப்ரல்–மே, செப்டம்பர்–அக்டோபரில் சயான் வாசலில் இருக்கும் ஸ்பிரிங்டேலிலும் மோவாபிலும் மோட்டல் அறை 200 டாலரைத் தாண்டுவது சாதாரணம். அந்த மாதங்களில் வேனும், கார்–மோட்டலும் மொத்தச் செலவில் நெருங்கி வந்துவிடும். கிளாஸ் சி இரண்டையும்விட மேலே நிற்கும். காரில் போகிறவர்கள் ஸ்பிரிங்டேலுக்குப் பதில் ஹரிக்கேனிலோ கனாபிலோ, பிரைஸ் வாசலுக்குப் பதில் டிராபிக் என்ற சிற்றூரிலோ தங்கினால் கணிசமாக மிச்சம்.

மான்யுமென்ட் வேலிக்கும் பேஜுக்கும் வண்டி ஒரு பொருட்டில்லை. மான்யுமென்ட் வேலியும் பேஜ் பக்கத்து ஆன்டிலோப் கேன்யனும் நவஹோ பழங்குடி மக்களின் நிலம், தேசியப் பூங்கா பாஸ் அங்கே செல்லாது. மான்யுமென்ட் வேலியின் 17 மைல் மண்சாலையில் மோட்டர்ஹோமுக்கு அனுமதி இல்லை, வாடகை வேனுக்கும் ஒப்பந்தம் பெரும்பாலும் மண்சாலையைத் தடுக்கும். கார் குலுங்கிக் குலுங்கிப் போகும். நவஹோ வழிகாட்டியின் திறந்த ஜீப்பில் போவதே நல்லது, அவர்கள் தனியார் வண்டிகள் போகாத பகுதிகளுக்கும் கூட்டிப் போவார்கள். பேஜில் ஆன்டிலோப் கேன்யனுக்கு வழிகாட்டி இல்லாமல் யாருமே போக முடியாது. 1997 ஆகஸ்டில் எங்கோ மேலே பெய்த மழையின் வெள்ளம் அங்கே 11 சுற்றுலாப் பயணிகளைக் கொண்டுபோனது. ஜூலை முதல் செப்டம்பர் வரை குறுகிய பள்ளத்தாக்கு எதிலும் நுழையும் முன் அன்றைய வெள்ள எச்சரிக்கையைப் பார்க்காமல் இறங்காதீர்கள். இன்னொரு சின்ன விஷயம்: கோடையில் நவஹோ நிலத்தில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும், பேஜ் ஊர் அரிசோனா நேரத்தில் இருக்கும். முன்பதிவு செய்த நேரம் எந்தக் கடிகாரப்படி என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக என் தேர்வு: ஏப்ரல் நடுவிலிருந்து மே முடிய, அல்லது செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை, இருவர் மட்டும் என்றால், உள்ளே கழிப்பறையுள்ள கேம்பர் வேன். நீளம் 23 அடிக்குள். பூங்காவின் உள்ளே இடங்களை முதலில் பிடியுங்கள், வண்டியைப் பிறகு பிடிக்கலாம். வாட்ச்மன், ஃபுரூட்டா, டெவில்ஸ் கார்டன் மூன்றும் ஆறு மாதம் முன்பே இணையத்தில் திறக்கும், நல்ல மாதங்களுக்குச் சட்டென்று தீர்ந்துவிடும். ஃபுரூட்டாவுக்கு முன்னுரிமை கொடுங்கள். மார்மன் சமயக் குடியேறிகள் நட்ட பழத்தோட்டங்களின் நடுவில், சிவந்த சுவர்களுக்குக் கீழே, புல்தரையில் தூங்குவது அந்த ஒரு இடத்தில்தான். மோவாபில் இடம் கிடைக்கவில்லையென்றால் கொலராடோ ஆற்றோரம் 128ஆம் எண் சாலையில் அரசு நில மேலாண்மைத் துறையின் கேம்ப் இடங்கள் முதலில் வருகிறவருக்குத் தரப்படும். தண்ணீர் இல்லை, ஆனால் இடத்துக்கு ஈடு இல்லை. டெட் ஹார்ஸ் பாயின்ட் மாநிலப் பூங்காவில் மின் இணைப்பு உண்டு, தண்ணீரோ லாரியில் வருவது, வண்டித் தொட்டியை நிரப்ப விடமாட்டார்கள். மோவாபிலேயே நிரப்பிக்கொண்டு ஏறுங்கள்.

முதுகுவலி, சர்க்கரை, அடிக்கடி கழிப்பறை தேவை என்று இருவரில் ஒருவருக்கு இருந்தால் கிளாஸ் சி எடுப்பதில் தவறில்லை, 25 அடிக்குள். அப்போது பயணத்தின் வடிவத்தையே மாற்றுங்கள். ஐந்து பூங்கா வேண்டாம். வாட்ச்மனில் மூன்று இரவு, பிரைஸ் வாசலில் மின் இணைப்புள்ள தனியார் இடத்தில் மூன்று இரவு, இரண்டிலும் ஷட்டிலை நம்பி வண்டியை அசைக்காமல் இருந்துவிட்டு லாஸ் வேகஸுக்குத் திரும்புங்கள். திரும்பும் வழியில் நெவாடாவின் வேலி ஆஃப் ஃபயர் மாநிலப் பூங்காவில் ஓர் இரவு சேர்க்கலாம், அங்கே பாறை மற்ற எல்லா இடத்தையும்விடச் சிவப்பு.

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கும்போது போவதாக இருந்தால் இந்த ஒப்பீடே வேறு. நாலு பேர் என்றால் எங்கள் தேர்வு எப்போதும் காரும் மோட்டலும். பாஸ் விஷயத்தையும் அப்போது முன்கூட்டியே பார்க்க வேண்டும். 2026 முதல் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு ஆண்டு பாஸ் 80 டாலர், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு 250. பாஸ் இல்லாத வெளிநாட்டவர் சயான், பிரைஸ் உள்ளிட்ட 11 பூங்காக்களில் வழக்கமான கட்டணத்தோடு தலைக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். கேபிடல் ரீஃப், ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை. பெரியவர்களோடு போகும்போது மோவாபை மட்டும் மையமாக வைத்து ஐந்து நாள் இருந்துவிட்டு வந்தாலே போதும், ஆர்ச்சஸில் பல வளைவுகள் கார் நிறுத்துமிடத்திலிருந்தே தெரியும்.